ஆர்பத்நாட்: ஊரின் பெயர் ஒரு குடும்பத்தின் பெயரான கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சென்னையின் பழைய வெள்ளைக்காரக் கம்பெனிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பாரி, பின்னி என்று வரிசையாக வந்து கடைசியில் ஆர்பத்நாட்டில் நிற்கும். அங்கே நின்றதும் கேள்விகள் ஆரம்பமாகும். "அது என்ன சார் பேரு?" என்பதில் தொடங்கி, "அந்தப் பேர்ல இப்ப யாராவது இருக்காங்களா?" என்பது வரை. ஒவ்வொரு முறையும் அதையே சொல்லிச் சலித்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆர்பத்நாட்னா ஆள் பேரா, ஊர் பேரா, கம்பெனி பேரா?

மூன்றும்தான். அந்த வரிசை மட்டும் ஊர், ஆள், கம்பெனி என்று இருக்க வேண்டும். முதலில் அது ஸ்காட்லாந்தில் ஒரு சிற்றூர். அந்த நிலத்தை ஆண்ட குடும்பம் ஊரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. பல நூற்றாண்டு கழித்து அந்தப் பெயர் கொண்ட ஒருவர் மதராசில் வணிகம் செய்ய வந்ததால் கம்பெனிக்கும் அது ஒட்டிக்கொண்டது.

நம்மிடமும் ஊர்ப்பெயர் உண்டு. ஆனால் நாம் அதை முதலெழுத்தாகச் சுருக்கி முன்னால் வைப்போம், பேரன் வேறு ஊருக்குப் போனால் அது உதிர்ந்தும் போகும். அங்கே அப்படியில்லை. ஊரைவிட்டு எட்டுத் தலைமுறை ஆனாலும் ஊர்ப்பெயர் பின்னாலேயே வரும்.

அந்த ஊர் எங்கே இருக்கு? இன்னும் இருக்கா?

இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், அபர்டீன் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், பழைய கின்கார்டின்ஷயர் மாவட்டத்தில். மெர்ன்ஸ் என்று சொல்லப்படும் செம்மண் விவசாயப் பகுதி அது. கடலோரமுள்ள இன்வர்பெர்வியிலிருந்து உள்ளே சில மைல் போனால் பெர்வி ஆற்றங்கரையில் ஒரு பழைய தேவாலயம், ஒரு பிரபு மாளிகை, சில பண்ணைகள். அவ்வளவுதான் ஊர்.

புனித டெர்னனின் பெயரிலுள்ள அந்தத் தேவாலயத்தின் பலிபீடப் பகுதி 1242-இல் அர்ச்சிக்கப்பட்டது. 1491-இல் அந்தக் கோயிலின் குருவான ஜேம்ஸ் சிபால்ட் கையால் எழுதி முடித்த வழிபாட்டு நூல் இன்றும் பத்திரமாக இருக்கிறது. ஸ்காட்லாந்து முறைப்படியான அத்தகைய நூல்களில் முழுதாகத் தப்பியது அது ஒன்றுதான். நாவலாசிரியர் லூயிஸ் கிராசிக் கிப்பன் வளர்ந்ததும் இந்தப் பகுதியில்தான். அவருடைய கல்லறை அதே கோயில் வளாகத்தில் இருக்கிறது. சின்ன ஊருக்கு இது அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பேருக்கு என்ன அர்த்தம்?

பழைய ஆவணங்களில் இது 'அபர்பொத்தெனாத்' என்று இருக்கும். 'அபெர்' என்பது அந்த நிலத்தின் பழைய பிக்ட் மக்களின் சொல். ஓர் ஓடை ஆற்றிலோ, ஆறு கடலிலோ சேரும் இடம்: நம் 'கூடல்', 'முகத்துவாரம்' மாதிரி. அபர்டீனில் உள்ள 'அபர்' இதுதான், வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித்தில் இருப்பதும் இதுதான்.

'பொத்தெனாத்' என்ற பின்பாதிக்கு இரண்டு விளக்கம் உண்டு. குடும்பத்தார் நெடுங்காலமாகச் சொல்லிவருவது, 'பிரபுவின் வீட்டுக்குக் கீழே ஓடை சேருமிடம்' என்பது. இன்னொன்று, நோய் தீர்க்கும் நற்குணம் கொண்டது என்ற பொருளில் கேலிக் மொழியில் அந்த ஓடைக்கு இருந்த பெயர் என்பது. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஓடைக்குப் பெயர் வைத்த பிறகுதானே பிரபு வந்து வீடு கட்டியிருப்பார்!

அபர் எப்படிங்க 'ஆர்' ஆச்சு? நம்பற மாதிரி இல்லையே.

பக்கத்து ஊர்களைப் பார்த்தால் நம்பிவிடுவீர்கள். அதே கரையில் கொஞ்சம் தெற்கே ஆர்பிரோத் இருக்கிறது. 1320-இல் ஸ்காட்லாந்தின் விடுதலைப் பிரகடனம் எழுதப்பட்ட ஊர். அதன் பழைய பெயர் அபர்பிரோத்தக். அதற்கு அருகில் ஆர்பர்லாட், அதாவது எலியட் ஓடை சேருமிடம். அந்த வட்டாரத்து நாக்கில் நடு 'ப' தேய்ந்து 'அபர்' 'ஆர்' ஆகியிருக்கிறது. தஞ்சாவூர் 'தஞ்சை' ஆனதற்கு யாரும் சான்று கேட்பதில்லை.

உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழுத்தம் நடுவில் உள்ள 'பத்'தில் விழும், கடைசி 'நாட்' லேசாக 'நட்' என்று அடங்கிவிடும். தமிழில் 'ஆர்பத்நாட்', 'ஆர்புத்நாட்', 'அர்பத்நாட்' என்று மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள். எதுவும் தப்பில்லை. ஸ்காட்லாந்துக்காரர்களே அதைப் பல விதமாக எழுதியிருக்கிறார்கள்.

முதன்முதலா இந்தப் பேரை வெச்சுக்கிட்டது யாரு? எந்த வருஷம்?

12-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், ஸ்காட்லாந்தின் தென்எல்லையைச் சேர்ந்த ஸ்விண்டன் குடும்பத்து ஹியூ என்பவர் இந்த நிலத்தைப் பெற்றார் என்பது குடும்ப வரலாறு. அவருக்குப் பின்வந்த டங்கன் என்பவர்தான் 'அபர்பொத்தெனாத் டங்கன்' என்று ஆவணத்தில் தெளிவாக நிற்கிறார்.

அந்த ஆவணம் ஒரு வழக்கு. தேவாலயத்தை ஒட்டியிருந்த நிலத்தில் காலங்காலமாகக் குடியிருந்தவர்களை டங்கன் வெளியேற்றினார். "அது எங்கள் நிலம்" என்று செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆயர் வழக்குத் தொடுத்தார். 1206-இல் பெர்த் நகரில் கூடிய திருச்சபை மன்றம் சாட்சிகளை விசாரித்து ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆக, இந்தக் குடும்பப் பெயர் நமக்குத் தெளிவாகக் கிடைப்பதே ஒரு நிலத்தகராறில் தோற்ற கணக்கில்தான். ஜெயித்தவர்களின் பெயரைப் போலவே தோற்றவர்களின் பெயரையும் நீதிமன்றக் காகிதம் காப்பாற்றிவிடுகிறது.

இங்கிலீஷ்ல எழுதும்போது சில இடத்துல கடைசியில ஒரு 'டி' (t), சில இடத்துல ரெண்டு 'டி'. எது சரி?

இரண்டும் சரி. ஊருக்கும், அந்த ஊர் மாளிகையில் இருக்கும் மூத்த கிளைக்கும் இரண்டு 'டி'. அந்தக் கிளையின் சர் ராபர்ட்டுக்கு 1641-இல் விஸ்கவுண்ட் என்ற பிரபுப் பட்டம் கிடைத்தது, அது இன்றும் தொடர்கிறது. பிரிந்துபோன பெரும்பாலான கிளைகளுக்கு ஒரு 'டி'. மதராசுக்கு வந்தது ஒற்றை 'டி'.

இதை வைத்தே உறவு முடிவு செய்யக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டு வரை எழுத்துக்கூட்டு என்பது எழுதுகிற குமாஸ்தாவின் காதைப் பொறுத்தது. அண்ணன் தம்பி இருவருக்கே வேறு வேறாக எழுதிவைத்திருப்பார்கள்.

இப்போ மொத்தம் எத்தனை பேர் இருப்பாங்க?

உலகம் முழுக்கத் தேடி, எல்லா எழுத்துக்கூட்டையும் சேர்த்தாலும் சில ஆயிரம் பேர்தான். ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பில் 54 லட்சத்துக்குச் சற்று மேல். அங்கே முதலிடத்தில் நிற்கும் பெயர் ஸ்மித். நூறு பேரைக் கூட்டினால் ஒரு ஸ்மித்தாவது இருப்பார். அடுத்து பிரவுன், வில்சன். முதல் நூறு பெயர்கள் அடங்கிய பட்டியலில் ஆர்பத்நாட்டைத் தேட வேண்டாம், கிடைக்காது.

இருப்பவர்களும் ஒரே இடத்தில் இல்லை. மெர்ன்ஸ், அதற்கு வடக்கே பீட்டர்ஹெட்டைச் சுற்றிய பக்கன் பகுதி, வட அயர்லாந்தின் அல்ஸ்டர், பிறகு அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று சிதறிவிட்டார்கள். இணையத்தில் "இந்தப் பெயர் கொண்டவர்கள் இத்தனை பேர்" என்று கடைசி இலக்கம் வரை சொல்லும் தளங்களைப் பார்த்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அவற்றில் பல, தொலைபேசிப் பட்டியல் மாதிரியான அரைகுறைத் தரவை வைத்து மதிப்பிட்டவை. ஒரு 'டி', இரண்டு 'டி' என்று தனித்தனிப் பெயராக எண்ணியிருப்பார்கள். பெரிய பெயருக்கு இந்தப் பிழை கடலில் கரைந்துவிடும், சின்னப் பெயருக்குக் கணக்கையே கவிழ்த்துவிடும்.

கேம்ப்பெல், மெக்டொனால்ட் எல்லாம் லட்சக்கணக்கில இருக்காங்களே. இது மட்டும் ஏன் இவ்வளவு கொஞ்சம்?

பெயர் பிறக்கும் விதத்தில்தான் சூட்சுமம். ஸ்மித் என்றால் கொல்லர், ஊருக்கு ஒரு கொல்லர் இருப்பார், ஆயிரம் ஊரில் தனித்தனியாக ஆயிரம் ஸ்மித் குடும்பம் முளைக்கும். ராபர்ட்சன் என்றால் ராபர்ட்டின் மகன், ராபர்ட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆர்பத்நாட் என்ற ஊரோ உலகத்தில் ஒன்றே ஒன்று. பெயர் முளைக்க ஒரே ஒரு குழி.

மேட்டுநிலக் குலப் பெயர்கள் வளர்ந்த வழி வேறு. தலைவனின் நிலத்தில் வாழ்ந்தவர்கள், பாதுகாப்புத் தேடி வந்தவர்கள் எல்லாம் தலைவனின் பெயரைச் சூடிக்கொண்டார்கள். அதனால் கேம்ப்பெல்கள் எல்லாரும் ஒரே இரத்தம் இல்லை. மெர்ன்ஸ் போன்ற தாழ்நிலப் பகுதியில் குத்தகைக்காரர்கள் பிரபுவின் பெயரை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. சில பெயர்கள் அரசாணையாலேயே சுருங்கியதும் உண்டு. மெக்கிரெகர் என்ற பெயரை 1603-இல் தடை செய்தார்கள், வைத்திருந்தால் மரண தண்டனை. இடையில் சில ஆண்டு தளர்ந்தாலும் 1774 வரை அந்தத் தடை முற்றாக நீங்கவில்லை. ஆர்பத்நாட்டுக்கு அந்தத் துன்பம் எதுவுமில்லை. அது பிறக்கும்போதே சின்னது.

அப்படின்னா ஆர்பத்நாட் எல்லாரும் சொந்தக்காரங்கதானே?

ஸ்மித்துகளோடு ஒப்பிட்டால் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் 'எல்லாரும்' என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்த ஊரிலிருந்து வேறு ஊருக்குப் பிழைக்கப் போன ஒருவரை, பிரபு குடும்பத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவரானாலும், "ஆர்பத்நாட்டுக்காரர்" என்று அழைத்து அதுவே நிலைத்திருக்கலாம். வளர்ப்புப் பிள்ளைகள், மணத்துக்குப் புறம்பான பிள்ளைகள், தாயின் பெயரை எடுத்தவர்கள் என்று எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

கொஞ்சம் பேர்தான்னு சொல்றீங்க. ஆனா சரித்திரத்துல எங்க பாத்தாலும் இந்தப் பேர் வருதே?

எனக்கும் முதலில் வியப்பாக இருந்தது. கொஞ்சம் பார்த்தால், ஸ்காட்லாந்தில் முதன்முதலில் அச்சான பைபிளை 1579-இல் முடித்துக் கொடுத்த அச்சகக்காரர் ஓர் அலெக்சாண்டர் ஆர்பத்நாட். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தலைமை தாங்கிய மாரியட், 1916-இல் ஜட்லாண்ட் கடற்போரில் 'டிஃபென்ஸ்' கப்பலோடு மூழ்கிய ராபர்ட், இருவரும் ஆர்பத்நாட்டுகள். 1818-இல் ஃபுளோரிடாவில் பூர்வகுடிகளோடு வணிகம் செய்த இன்னொரு அலெக்சாண்டரை அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் பிடித்து, அவருடைய சொந்தக் கப்பலின் பாய்மரக் கட்டையிலேயே தூக்கிலிட்டார். அண்மையில், கணினிக் கணக்குக் கோளாறால் திருட்டுப் பழி சுமந்த பிரிட்டன் தபால் நிலையக்காரர்களுக்காக நாடாளுமன்றத்தில் விடாமல் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் ஆர்பத்நாட்.

காரணம் பெருமையல்ல, காகிதம். நிலமும் படிப்பும் இருந்த குடும்பம் கடற்படை, திருச்சபை, அரசுப் பணி, கிழக்கிந்திய வணிகம் என்று போய்ச் சேர்ந்தது. அங்கெல்லாம் எழுதிவைப்பார்கள். உருளைக்கிழங்கு தோண்டிய ஆயிரம் ஸ்மித்துகளின் பெயரை யார் எழுதிவைத்தார்கள்? ஆட்களில் குறைவு, ஆவணத்தில் நிறைவு. ஆகவே புத்தகத்தில் ஒரு பெயர் எத்தனை முறை வருகிறது என்பதை வைத்து, அது எவ்வளவு பரவியது என்று கணக்குப் போடாதீர்கள்.

நம்ம ஊர்ல திவாலான ஆர்பத்நாட் இவங்கதானா?

இவர்கள்தான், ஒற்றை 'டி' கிளை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராசுக்கு வந்த ஜார்ஜ் ஆர்பத்நாட்டின் பெயரால் நடந்த நிறுவனம், வணிகத்தோடு வங்கித் தொழிலும் பார்த்தது. ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், கோயில்கள், வக்கீல்கள் எல்லாரும் அங்கே பணம் போட்டிருந்தார்கள். 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, அதன் கதவு திறக்கவில்லை. லண்டன் கூட்டாளியின் சூதாட்டம் போன்ற முதலீடுகள் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் கோ ஆர்பத்நாட் மீது வழக்கு நடந்து, 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 'நம் பணத்துக்கு நம் வங்கி' என்று வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்நின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்க இந்த வீழ்ச்சியே தூண்டுதல்.

அதே பெயரில் இன்னொருவரும் இங்கே உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. அலெக்சாண்டர் ஜான் ஆர்பத்நாட் அரசு அதிகாரி. 1855-இல் மதராஸ் மாகாணத்தின் முதல் பொதுக்கல்வி இயக்குநர், 1872-இல் சில மாதம் தற்காலிக ஆளுநர். அந்தமானில் வைஸ்ராய் மேயோ பிரபு கொல்லப்பட்டபோது, மதராஸ் ஆளுநர் நேப்பியர் கல்கத்தாவுக்குப் போய் அவர் இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. இங்கே காலியான நாற்காலிக்கு இவர்.

லண்டன்ல இன்னும் ஆர்பத்நாட் பேர்ல ஒரு பேங்க் இருக்கே. அதுதான் தப்பிச்சு ஓடினதா?

இல்லை. 'ஆர்பத்நாட் லேதம்' 1833-இல் லண்டனில் தனியாகத் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஒருவர் ஆர்பத்நாட் குடும்பத்துக்காரர், உறவும் உண்டு. ஆனால் கணக்கு வேறு, கல்லா வேறு. 1906-இல் விழுந்தது மதராஸ் நிறுவனமும் அதன் லண்டன் துணையும்தான்.

அவங்க மூதாதையர் ஒரு அதிகாரியை வேகவெச்சுச் சூப் குடிச்சாங்களாமே, நிஜமா?

மெர்ன்ஸில் சொல்லும் கதை. 1420-ஐ ஒட்டி ஜான் மெல்வில் என்ற ஷெரிஃப் வட்டாரப் பிரபுக்களை ஓயாமல் தொல்லை செய்தார். அவர்கள் போய் முறையிட, "அந்த ஷெரிஃபை வேகவைத்துச் சாறு குடித்தாலும் சரிதான் போ" என்று மேலிடம் எரிச்சலில் சொல்லிவிட்டதாம். வந்தவர்கள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, கார்வக் குன்றில் அண்டா வைத்து, ஆளைத் தள்ளி, ஆளுக்கொரு கரண்டி குடித்தார்களாம். அந்தக் கூட்டத்தில் ஆர்பத்நாட் ஒருவரும் உண்டு, பின்னர் மன்னிப்பும் பெற்றார். குன்றில் ஒரு பள்ளத்தை இன்றும் 'ஷெரிஃபின் அண்டா' என்றே காட்டுகிறார்கள். கொலை நடந்திருக்கும். கரண்டியை நான் நம்பவில்லை.

ஆர்பத்நாட் குடும்பச் சின்னம் போட்ட கோப்பை ஆன்லைன்ல விக்கிறாங்க. வாங்கினா அது எங்க சின்னம் ஆகுமா?

கோப்பை உங்களுடையது, சின்னம் ஆகாது. ஸ்காட்லாந்தில் கேடயச் சின்னம் ஒரு பெயருக்கு உரியதல்ல, ஒரு ஆளுக்கு உரியது. லார்ட் லயன் என்ற அதிகாரியின் மன்றம் அதைப் பதிவு செய்து காக்கிறது, 1672 முதல் முறையான பதிவேடே உண்டு. நீல நிறத்தில் வெள்ளிப் பிறையும் மூன்று நட்சத்திரங்களும், மேலே ஒரு மயில் தலை என்பது குடும்பத் தலைவருடையது. அதைக் கோப்பையில் பார்த்துத் தேநீர் குடிக்கத் தடையில்லை.

இப்படியே போனா இந்தப் பேர் அழிஞ்சுடுமா?

இந்தக் கேள்வியை 1873-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் கணக்காகவே கேட்டார்: ஒவ்வோர் ஆணுக்கும் இத்தனை மகன்கள் பிறக்கும் வாய்ப்பு இவ்வளவு என்றால், ஒரு பெயர் எத்தனை தலைமுறையில் மறையும்? வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதி, எல்லாப் பெயரும் ஒருநாள் அழியும் என்றார். அங்கே சறுக்கிவிட்டார். சராசரியாக ஒருவருக்கு ஒரு மகன் அல்லது அதற்குக் கீழ் என்றால்தான் அழிவு நிச்சயம். அதற்கு மேல் போனால் தப்பிக்க வழியுண்டு, ஆனால் தொடக்கத்தில் ஆட்கள் குறைவென்றால் ஆபத்து அதிகம். இந்தப் பெயர் ஒரே குழியில் முளைத்து எண்ணூறு ஆண்டு தாண்டியிருக்கிறது என்பதே அந்த ஆபத்தைக் கடந்துவிட்டதற்கு அடையாளம். இப்போது பெண்களும் தங்கள் பெயரைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதால் கால்டனின் கணக்கே மாறிவிட்டது.

ஆண் குழந்தைக் கணக்கு என்றதும் இன்னொரு ஆர்பத்நாட் வந்துவிடுகிறார். 1667-இல் அந்த ஊரின் பாதிரியாருக்கு மகனாகப் பிறந்த ஜான், ஆன் அரசியின் மருத்துவர், எழுத்தாளர் ஸ்விஃப்டுக்கும் கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கும் நண்பர், இங்கிலாந்தின் உருவகமான 'ஜான் புல்'லை நையாண்டிக்காக உருவாக்கியவர். 1629 முதல் 1710 வரை லண்டன் ஞானஸ்நானப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். 82 ஆண்டும் விடாமல் ஆண் குழந்தைகளே அதிகம். நாணயம் சுண்டினால் 82 முறையும் தலையே விழுமா? இரண்டை 82 முறை பெருக்கினால் வரும் எண்ணுக்கு 25 இலக்கம். அதில் ஒரு பங்குதான் வாய்ப்பு. 'தற்செயல் அல்ல, இறைவன் ஏற்பாடு' என்று முடித்தார். முடிவை விடுங்கள், அந்த வழிமுறையைத்தான் இன்று புள்ளியியலில் முதல் முக்கியத்துவச் சோதனை, அதாவது ஒரு விஷயம் வெறும் தற்செயலா என்று பார்க்கும் சோதனை, என்கிறார்கள்.

எங்க பாட்டியோட அம்மா ஆர்பத்நாட்னு சொல்வாங்க, ஆங்கிலோ-இந்தியக் குடும்பம். எங்கே தேடறது?

இந்தியாவிலிருந்து பின்னோக்கிப் போங்கள். நேரே 1206 டங்கனுக்குத் தாவாதீர்கள். மதராஸ் மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அதில் ஸ்காட்லாந்து ஊர் ஏதாவது கிடைத்தால் அங்கே போகலாம். ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 முதல் அரசுப் பதிவு கட்டாயம், அதற்கு முன் ஊர்த் தேவாலய ஏடுகள்.

தேடும்போது மேலே சொன்ன 'டி' விவகாரத்தை மறக்காதீர்கள், பெயரின் முன்பாதியை மட்டும் போட்டு மீதிக்கு நட்சத்திரக் குறி இடுங்கள். பெண்களைத் தேடுவது ஸ்காட்லாந்தில் எளிது. திருமணமானாலும் ஆவணத்திலும் கல்லறையிலும் பிறந்த வீட்டுப் பெயரை எழுதும் வழக்கம் அங்கே பழையது. உங்கள் அதிர்ஷ்டம், தேடும் சான்றிதழ் 1855-ஆம் ஆண்டினுடையதாக இருந்தால் கொண்டாடுங்கள். முதல் ஆண்டு என்பதால் பெற்றோர் பிறந்த ஊர், மற்ற பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். குமாஸ்தாக்களுக்கு வேலை தாங்காமல் அடுத்த ஆண்டே அந்தப் பத்திகளைக் குறைத்துவிட்டார்கள்.